அளப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர்

என் தங்கையின் கணவன், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் பேசப்போவதெல்லாம் தவளையைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் பஸ்ஸை நீங்கள் மறந்துவிடுவீர்கள். நானே மறந்துதான் இருந்தேன்.

தவளை என்பது நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வண்டி. இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு கூண்டு, பின்பக்கம் பழைய கார் ஒன்றின் என்ஜின், இரண்டு சீட், நான்கு தடித்த டயர். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது. ரோட்டில் ஓட்ட அனுமதியும் கிடையாது. மேடு, பள்ளம், மணல், சேறு என்று புத்தியுள்ள எவனும் வண்டியை இறக்காத இடத்தில் ஓட்டுவதற்காகவே செய்தது. குதித்துக் குதித்துப் போகும் என்பதால் அந்தப் பெயர். ஒன்பது வருடங்களுக்கு முன்பு செய்தோம். அப்போது எனக்கு முட்டியில் வலி இல்லை, மனதில் ஆசை இருந்தது. இப்போது நிலைமை தலைகீழ்.

கடைசி ஐந்து வருடமாக அது என் பட்டறையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெட்டி மிஞ்சிய கம்பிகளை அதன் மேல் போட்டு வைத்திருந்தேன். நான் வெல்டர். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் என் பிழைப்பு. காலை எட்டு மணிக்குக் குனிந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் நிமிர்வேன். அப்படி நிமிர்கிற நேரம் பார்த்து ஒரு நாள் மாப்பிள்ளை வந்து நின்று, தார்ப்பாயைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

மாப்பிள்ளை என்று உறவுக்காகச் சொல்கிறேன். நண்பனாக இருந்து தங்கையைக் கட்டிக்கொண்டவன். எங்களுக்குள் மரியாதையெல்லாம் வாடா போடாவோடு சரி. வண்டியை மறுபடி எழுப்ப வேண்டும் என்றான். சும்மா எழுப்பினால் போதாதாம். பெரிய என்ஜின் வேண்டுமாம், முன்பக்கம் நீளமான கைகள் வேண்டுமாம், புது ஷாக் அப்சார்பர் வேண்டுமாம். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இது என்ன கிறுக்கு என்று கேட்டேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

மூன்று மாதம் இழுத்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. போல்ட் ஒவ்வொன்றும் துருவேறி, எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, சுத்தியலால் தட்டிக் கெஞ்சினால்தான் அசைந்தது. நான்கு போல்ட்டுகள் அதற்கும் மசியாமல் கழுத்து முறிந்தன. பெரிய என்ஜின் பழைய இடத்தில் உட்காராது என்பதால் கூண்டின் பின்பாதியையே அறுத்துப் புதிதாக ஒட்டினேன். பகலெல்லாம் ஊரார் வீட்டுக் கம்பி, மாலையில் இவன் வீட்டுக் கம்பி. ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் வலது தோள் உயராது. என் மனைவி எதுவும் கேட்காமல் ஸ்பூனைக் கொண்டுவந்து வைப்பாள். எதற்காக இதைச் செய்கிறேன் என்று நினைத்தால் எரிச்சலாக வரும். அவன் கேட்டான், நான் முடியாது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் காரணம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அளப்பவன் அவன், வெட்டுபவன் நான். வெட்டுபவன் டேப்பைத் தொடக் கூடாது.

முதல் முறை தவளையைச் செய்தபோது வந்த சண்டையில் பிறந்த சட்டம் அது. என் டேப்பின் நுனிக் கொக்கி தேய்ந்து ஆடும். அதனால் நான் எப்போதும் ஒன்றாம் அங்குலத்தை விளிம்பில் வைத்து அளந்து, கணக்கில் ஒன்றைக் கழித்துவிடுவேன். இந்தத் தொழிலில் பலருக்கும் இருக்கிற பழக்கம்தான். அவனுக்கு அது தெரியாது. நான் போட்ட கோட்டை அவன் அளந்து பார்க்க, ஓர் அங்குலம் இடித்தது. நீ சரியா நான் சரியா என்று வாய்த்தகராறு முற்றி, மூன்று நாள் இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். கடைசியில் தங்கைதான் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள்.

"அளக்குறவங்க ஒருத்தர், வெட்டுறவங்க ஒருத்தர். வெட்டுறவங்க டேப்பத் தொட்டா அன்னிக்கு என் வீட்டுல சோறு கிடையாது."

அன்றிலிருந்து அவன் சாக்பீஸால் கோடு போடுவான், நான் கோட்டின் மேல் வெட்டுவேன். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. தப்பு வந்தால் அவன் தலையில் போடலாமே. ஆனால் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பாக்கியத்தை அவன் எனக்குத் தரவில்லை.

தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். தினமும் அவன் ஓட்டுகிற பஸ்ஸில்தான் போவாள், டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றை சீட்டில். கொஞ்ச நாளாகக் கம்பெனியில் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாது என்பதால். என் பைக் ரிப்பேர் ஆன ஒரு நாள் நானும் பட்டறை வரைக்கும் அந்த பஸ்ஸில் போனேன். முன்னாடி பால் வண்டி நிற்கிறது, இவனுக்கு நிறுத்த வேறு இடமே கிடைக்கவில்லையா என்றாள். அதோ ஓர் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குறுக்கே போகிறாள், போகட்டும் என்றாள். சிக்னல் சிவப்பு, இன்றைக்கு நேரத்துக்குப் போன மாதிரிதான் என்றாள். நடுநடுவே பையிலிருந்து தொண்டைக்கு ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தாள். கட்டியவனை இப்படி வறுத்தெடுக்கிறாளே, இவன் எப்படிப் பொறுத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். அவனோ ஒரு வார்த்தை பேசாமல், தலையை லேசாகத் திருப்பியபடி ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்தத் தலைத்திருப்பலைப் பட்டறையிலும் பார்த்தேன். என்னிடம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டான். என் காதைப் பார்த்துப் பேசுவான். மாப்பிள்ளைக்குப் புதிதாகத் தோரணை வந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

கடைசியாக முன்பக்கத்துக் கைகள். சக்கரத்தைக் கூண்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் குழாய்களைத்தான் கை என்கிறோம். கை நீளமானால் சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும், மேட்டில் வண்டி கவிழாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு கை. எல்லாம் பதினாறு அங்குலம் என்று முடிவு செய்தோம். வலது பக்கத்துக் கைகளைச் செவ்வாய்க்கிழமை மாலை, வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே அளந்து வெட்டினோம். இடது பக்கத்தை வியாழக்கிழமை செய்தோம். அன்றைக்கு மேகம் கட்டியிருந்தது, உள்ளே ஒரே ஒரு டியூப் லைட். அவன் ஒரு குழாயை அளந்து கோடு போட்டு, அதை அப்படியே மற்றதன் மேல் வைத்து இன்னொரு கோடு போட்டான். கோட்டில் நான் வெட்டினேன், வெள்ளிக்கிழமை ஒட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சக்கரங்களை மாட்டினோம். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி வலது பக்கம் அழகாகப் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. எழுந்து போய் முன்னால் நின்று பார்த்தால், இடது சக்கரம் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

வெட்டியவன் நான் என்பதால் முதலில் எனக்குத்தான் பகீர் என்றது. குப்பைத் தொட்டியைக் கிளறி, வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடுத்தேன். நான்கின் ஓரத்திலும் சாக்பீஸ் கோட்டின் பாதி அப்படியே இருந்தது. நான் கோட்டில்தான் வெட்டியிருக்கிறேன். கோடுதான் தப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்பது வருடம் கழித்துக் கையும் களவுமாக மாட்டியிருக்கிறான். கூப்பிட்டேன். அவனுடைய டேப்பையே வண்டியின் இடது பக்கத்துக் கை ஒன்றின் மேல் நீட்டி வைத்து, படி என்றேன்.

குனிந்தான். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால், முதலில் இந்தப் பக்கமிருந்தும் பிறகு அந்தப் பக்கமிருந்தும் பார்த்தான்.

"பதினாறு" என்றான்.

டேப்பில் பதினெட்டு இருந்தது. எல்லாவற்றிலும் விளையாடுவான், அளவில் மட்டும் விளையாட மாட்டான். அவன் விரலை டேப்பின் மேல் வைத்து, எண்ணைத் தடவினான்.

"பதினாறுதான மச்சான்?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாதம் என்றான். ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் காதைப் பார்த்தபடி சொன்னான்.

"நேரா பாத்தா நடுவுல ஒரு அழுக்கு மாதிரி நிக்குது. தொடச்சாலும் போகாது. சுத்தியிருக்கிறது எல்லாம் தெரியும். உன் காது தெரியுது, மூஞ்சி தெரியல."

கண் டாக்டர் இதைச் சரி செய்ய முடியாது, மேலும் மோசமாகாமல் கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான் முடியும் என்றாராம். முதல் நாளே வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாராம். அப்போதுதான் எனக்குப் பஸ் ஞாபகம் வந்தது. பால் வண்டி, பிள்ளையோடு குறுக்கே போன அம்மா, சிவப்பு சிக்னல், ஒவ்வொன்றாகத் தங்கையின் குரலில் திரும்பி வந்தது. அவள் வறுத்தெடுக்கவில்லை. ரோட்டை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்தில் அவளும் டீ பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். டேப்பையும் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சிடுச்சா" என்றாள்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத வேண்டாம். கூடப் பிறந்தவளிடம் பேசக் கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன. அவள் நின்று கேட்டுக்கொண்டாள். அவர்களுடைய மகள் பள்ளிக்கூடத்தை முடிக்கிறவரைக்கும்தான் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம். வழி அவனுக்கு மனப்பாடமாம், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

"நான் பேசிக்கிட்டேதான அண்ணா வரேன். எட்டு மாசமா தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. ஒரு நிமிஷம் வாய மூடினதில்ல."

"பின்னாடி நாப்பது பேர் உக்காந்திருக்காங்க" என்றேன்.

"எனக்கு எண்ணத் தெரியாதா? தெனமும் எண்ணிட்டுத்தான் ஏறுறேன்."

சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவ்வளவு நாள் வாயைத்தான் பார்த்திருக்கிறேன். டீயை யாரும் ஊற்றவில்லை.

திங்கட்கிழமை நீ பஸ்ஸை எடுத்தால் நானே கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லும்போதே அந்த வீட்டின் அடுப்பில் நான் தண்ணீரை ஊற்றுவதுபோல இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. நாளைக்குத் தவளையை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பதில் சொல்வதாகச் சொன்னான்.

"எவனும் இல்லாத எடத்துல, யாரைப் பத்தியும் பயப்படாம, ஒரு தடவ வேகமா ஓட்டணும் மச்சான். அதுக்குத்தான் பெரிய என்ஜின் கேட்டேன்."

அவர்கள் போன பிறகு நான் சட்டத்தை மீறினேன். டேப்பை எடுத்தேன். ஒன்றாம் அங்குலத்தை விளிம்பில் வைத்து, பதினேழில் கோடு போட்டேன். அளந்து, வெட்டி, தேய்த்து, ஒட்டி முடிக்கும்போது தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இரண்டே இரண்டு கைதான். ஒரு பெரிய கேட்டைத் தனியாகத் தூக்கியவன்போல உடம்பு வலித்தது.

ஞாயிறு காலை, பழைய இரும்புக்காரரின் மினி லாரிக்குப் பின்னால் தவளையைக் கட்டி இழுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே காய்ந்து கிடக்கும் ஏரிக்குப் போனோம். மூன்று வருடமாகத் தண்ணீர் பார்க்காத தரை. மரம் இல்லை, வேலி இல்லை, ஆடு மாடுகூட இல்லை. தங்கை கரையிலேயே நின்றுகொண்டாள். பக்கத்து சீட்டில் அவள்தான் உட்கார்வாள் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு ஒரு நாளாவது எனக்கு லீவு விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆகவே நான் ஏறினேன், பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன், ரேடியோவானேன்.

நேரே போ. இடது பக்கம் பள்ளம், ஒதுங்கு. மேடு வருகிறது, மெதுவாக. இப்போது விடலாம். அவன் ஓட்டினான் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம். மேட்டில் ஏறி இறங்கும்போது நான் ஒட்டிய கைகள் நான்கும் ஒன்றாக மடங்கி ஒன்றாக விரிந்தன. உள்ளே எங்களுக்குக் குலுங்கவே இல்லை. பெரிய என்ஜின் அடித்தொண்டையில் உறுமியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் முதல் முறையாக எனக்கும் இந்த வேலை வீண் இல்லை என்று தோன்றியது. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று நானே சொன்னேன். நடு ஏரிக்கு வந்துவிட்டோம்.

அங்கே சுழல் காற்று ஒன்று எங்கள் புழுதியையே எங்கள் மேல் திருப்பி அடித்தது. வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இருமினேன். நான்கு நொடி, மிஞ்சிப்போனால் ஐந்து நொடி.

அவன் பிரேக்கை மொத்தமாக மிதித்தான். பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. தவளை பக்கவாட்டில் சறுக்கி, அரை வட்டம் அடித்து, என்ஜின் அணைந்து நின்றது.

"என்னடா, முன்னாடி என்ன?" என்றான்.

இருமிக்கொண்டே கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று காட்டினேன். கையை எங்கே பார்க்கப்போகிறான்.

"ஒண்ணுமில்ல" என்றேன் ஒருவழியாக. "காலி. கண்ணுக்கு எட்டின தூரம் ஒண்ணுமே இல்ல."

"அப்புறம் ஏன் பேச்ச நிறுத்தின?"

"இருமல்டா. புழுதி."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் வந்த புழுதி எங்களைத் தாண்டிப் போய் மெல்லப் படிந்தது. கரையிலிருந்து தங்கை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்திருக்காது.

"அவளுக்கு ஒரு நாள் இருமல் வந்திருந்தா?" என்றான்.

அவனுக்காகவும் அவளுக்காகவும், முகம் தெரியாத அந்த நாற்பது பேருக்காகவும் அழுகை வந்தது, அழுதேன். அவன் பெல்ட்டைக் கழற்றி இறங்கினான். வண்டியைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி என் பக்கம் வந்து நின்றான்.

"அந்தப் பக்கம் மாறு. நான் இங்க உக்காரணும்."

திரும்பும்போது நான் ஓட்டினேன். எனக்கு ஓட்டத் தெரியும் என்பது பெயருக்குத்தான். கியரை மாற்றுடா, என்ஜின் கத்துவது உன் காதில் விழவில்லையா என்று வழி முழுக்க வைதுகொண்டே வந்தான்.

அன்று மாலையே இருவரும் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதத்தையும் மறைக்காமல் சொன்னார்களாம். அந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். போலீசுக்குப் போகாமல் விட்டது அவருடைய நல்ல மனசு. ஸ்டோரில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். மாப்பிள்ளை இப்போது பகலில் என் பட்டறையில்தான் இருக்கிறான். டேப்பின் ஒரு முனையை அவன் பிடிக்கிறான், எண்ணை நான் படிக்கிறேன், வெட்டுவதும் நான்தான். சட்டத்தைப் போட்டவளிடம் கேட்டோம். போனால் போகிறது, சோறு உண்டு என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, தங்கை வழக்கம்போல வேலைக்குப் போனாள். பஸ்ஸில் புது டிரைவர். ஒற்றை சீட்டில் யாரும் உட்காராமல் அவளுக்காகவே விட்டு வைத்திருந்தார்களாம். முதல் வளைவு வரும்வரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கிய பிறகு, உடன் வேலை செய்கிற ஒருத்தி வந்து தோளைப் பிடித்து உலுக்கித்தான் எழுப்பியிருக்கிறாள்.